கூட்டாமல், குறைக்காமல்

மூன்று மணிக்கு நிரோஷன் போன் எடுப்பான். இப்போது ஒன்றே முக்கால். அதற்குள் இந்தப் பன்னிரண்டு தலைக்கவசங்களையும் துடைத்து, தோல்வார் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பார்த்து, மேசையில் வரிசைக்கு வைத்துவிடலாம். வைத்து முடித்தால் கை சும்மா இருக்கும். கை சும்மா இருக்கும்போதுதான் அதை அவனுக்குச் சொல்லலாம், ஒரு கையில் துணியும் மறுகையில் ரோமன் சிப்பாயின் தொப்பியும் வைத்துக்கொண்டு மகனிடம் சொல்லுகிற விஷயம் இல்லை அது. இன்றைக்குச் சொல்லிவிடுவேன். நேற்றும் சொல்லிவிடுவேன் என்றுதான் இருந்தேன். அவன் "சாப்பிட்டனீங்களோ அப்பா" என்று கேட்டான், ஓம் என்றேன், "என்ன சாப்பிட்டனீங்கள்" என்றான், அதற்குப் பதில் தேடியதிலேயே அவனுடைய நேரம் முடிந்துவிட்டது. ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி, வேலையிடத்தில் கால்மணி நேரம்தான் இடைவேளை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து, தாயின் சாம்பலை இந்த ஊர்க் கடலில் கரைத்துவிட்டு, அன்றிரவே விமானம் ஏறினான். என் மனைவி தவமலர் போய் இன்றைக்கு முப்பத்தொன்பது நாள். நான் வேலைக்குத் திரும்பி ஒரு நாள், அதுகூட முழுதாக இல்லை, காலையில் இருந்து ஐந்து மணித்தியாலம். இது ஒரு சின்ன நூதனசாலை, மேலே ஊர் நூலகம், கீழே நாங்கள். ஹெலன்தான் எனக்கு மேலதிகாரி. காலையில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்க வந்து, பிறகு என்ன நினைத்தாளோ என் தோளை மட்டும் தொட்டாள். "அருள், இன்றைக்கு நீங்கள் ஆட்களோடு கதைக்க வேண்டாம். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குத் தலைக்கவசங்களை மட்டும் பாருங்கள். யாராவது வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்றாள். என் பெயர் அருளம்பலம். முப்பத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் அதை முழுதாகச் சொன்னவள் தவமலர் ஒருத்திதான், அவளும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், படிவம் நிரப்பும்போது மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லுவாள்.

எட்டு ரோமன், நாலு கெல்டியர். எல்லாம் நகல். உண்மையானவை கண்ணாடிக்குப் பின்னால், துருவாகவும் பச்சையாகவும் ஓட்டையாகவும் இருக்கின்றன, அவற்றைத் தொட எனக்கே அனுமதி இல்லை. இவை தொடுவதற்கு, தலையில் வைத்துப் பார்ப்பதற்கு, கீழே விழுவதற்கு. இந்தியாவில் செய்து வந்தவை. முதல் தடவை பெட்டி திறந்தபோது ஒவ்வொன்றின் பிடரித் தகட்டுக்கு உள்ளேயும் அதைச் சொல்லும் சின்ன ஒட்டுத்தாள் இருந்தது, ஹெலன் என்னிடம் மெதுவாக, பார்க்கிறவர்களுக்கு மனம் உடைந்துபோகும், உரித்துவிடலாமா என்று கேட்டாள், நான் நகத்தால் உரித்தேன். ஒன்றில் மட்டும் முழுதாகப் போகவில்லை, பாதி எழுத்து நிற்கிறது. அதைத்தான் இப்போது துடைக்கிறேன், எண்ணெய்த் துணியால், வட்டமாக, உச்சியிலிருந்து கீழே. நெற்றிக்கு மேலே இரண்டு புருவம் மாதிரி வளைவு. இரண்டு பக்கமும் கன்னத் தகடு, அதன் நுனியில் வளையம், வளையத்தில் வார், தாடைக்குக் கீழே கட்டவேண்டும். பிடரியில் அகலமான தகடு, பின்னாலிருந்து வெட்டுகிறவனுக்காக. காதுக்கு மட்டும் வெட்டி விட்டிருக்கிறான், கட்டளை கேட்க வேண்டுமே. பதினொரு வருடமாக இதை ஆட்களுக்குச் சொல்லிவருகிறேன். இந்த இரும்புத் தொப்பியின் வடிவமே ரோமர்களுடையது இல்லை, கெல்டியக் கொல்லர்களிடமிருந்து எடுத்தது, யாரை வென்றார்களோ அவர்களுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு மிச்ச ஆட்களையும் வெல்லப் போனார்கள் என்று சொல்லுவேன், ஆட்கள் சிரிப்பார்கள். ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுவேன். எந்த ஆணி எந்த நூற்றாண்டு, எந்த வளையம் எதற்கு, ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒன்றரை மடங்கு பதில். கதைக்கிறது எனக்கு வரும். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை, அதை மறைக்கவும் தெரியாது. தவமலர் சொல்லுவாள், "இஞ்சருங்கோ, கதவைத் திறந்து விட்டால் காணும், நீங்கள் தபால்காரனுக்கும் ரோமாபுரி சொல்லுவியள்."

கெல்டியருடைய நாலில் ஒன்று பறவைத் தொப்பி, உச்சியில் ஒரு பருந்து, செட்டை கீல் போட்டது, தலையை ஆட்டினால் செட்டை அடிக்கும். எண்ணெய் விடவேண்டும், கிறீச்சிடுகிறது. மற்றது உச்சியில் குமிழ் வைத்தது. மற்றது கொம்பு. நாலாவது ஒன்றுமே இல்லாதது, வெறும் வெண்கலக் கிண்ணம், பின்னால் சின்ன உதடு மாதிரி ஒரு தகடு. அதைத்தான் கடைசியில் துடைக்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். அதன் அசல் இந்த ஊருக்குப் பக்கத்து வயலில் கிடைத்தது. மண்ணுக்குள் தலைகீழாக, சட்டி மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தது, உள்ளே எரிந்த எலும்பு. ஒரு பெண்ணுடைய எலும்பு என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். மேலே ஒரு ஊசி, துணியைச் சேர்த்துக் குத்தியிருக்க வேண்டும், துணி போய்விட்டது, ஊசி நிற்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் தன்னிடம் இருந்ததிலேயே பெறுமதியானதை எடுத்து அவளை அதற்குள் வைத்தான், அவன் கணவனாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், நமக்குத் தெரியாது, என்று நான் சொல்லுவேன், அந்த "நமக்குத் தெரியாது" என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன், அது நன்றாக எடுபடும். தவமலர் ஒரே ஒரு தடவை இங்கே வந்தாள். மழை, பஸ் போய்விட்டது, என் வேலை முடியும்வரை அந்த மூலைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் ஒரு கூட்டத்துக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போடும்போது சொன்னாள், "பாவம் அந்த மனுசி. அவளுக்கெண்டு ஒரு சட்டிகூட இருக்கேல்லையோ? ஆம்பிளையின்ரை தொப்பிக்குள்ளயே போக வேணும்?" நான் சிரித்தேன். நல்ல கேள்வி, நாளைக்கு ஹெலனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு எப்படி அந்தக் கதை விளங்கியது என்று நினைக்கவில்லை. நான் அதை ஆங்கிலத்தில் அல்லவா சொன்னேன். இல்லை, நான்தான் முதலே வீட்டில் எப்போதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் வீட்டில் சொல்லுகிற ஆள்தானே நான்.

இரண்டு மணி பத்து. ஐந்து முடிந்தது. சொல்லுவதை எப்படித் தொடங்குவது. தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்படித் தொடங்கினால் அவன் பயந்துவிடுவான், எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைப்பான். தம்பி, போன வருடம் மாசி மாதம் அம்மாவை முதல் தடவை டொக்டரிடம் கூட்டிப் போனேனே. அப்படித் தொடங்கலாம். அந்த அறை எனக்கு அப்படியே இருக்கிறது, நிறை பார்க்கும் தராசு, சுவரில் முதுகெலும்புப் படம், இளம் டொக்டர், பெண், மேசையில் பாதி குடித்த கோப்பி. சொல்லுங்கள் என்றார். தவமலர் என்னைப் பார்த்தாள், நான் "சொல்லும், என்ன செய்யுது" என்றேன். அவள் சொன்னாள், ஒரு சொல்லும் நான் மறக்கவில்லை, மறக்க முடிந்திருந்தால் நல்லது, "சாப்பிட்டாப் பிறகு உள்ளுக்கை ஆரோ இருந்து அடிப்பிடிச்ச சட்டியைக் கரண்டியாலை சுரண்டுற மாதிரிக் கிடக்கு. முன்னுக்கு இல்லை, முதுகுப் பக்கமாச் சுரண்டுது. படுத்தால் கூடும். குனிஞ்சு இருந்தால் கொஞ்சம் நிக்கும். இரவிலை நான் குனிஞ்சு கொண்டுதான் இருக்கிறன், இவருக்குத் தெரியாது." நான் டொக்டரின் பக்கம் திரும்பி முதுகை நிமிர்த்தினேன். சட்டி, கரண்டி, சுரண்டுவது, இதையெல்லாம் எப்படி ஆங்கிலத்தில் சொல்லுவது, சொன்னால் இந்தப் பெண் என் மனைவியை என்னவென்று நினைப்பாள், என்னை என்னவென்று நினைப்பாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. தம்பி, எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் வாய்வு, டொக்டர், என்றேன். டொக்டர் எழுதினார், மாத்திரை தந்தார், நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ஆங்கிலத்தில் வாய்வுக்கும் வெளியே அடிக்கிற காற்றுக்கும் ஒரே சொல். கடற்கரை ஊர் இது, காலையில் வானொலியில் வானிலை சொல்லுகிறவன் அந்தச் சொல்லைச் சொல்லாத நாளே இல்லை. முப்பத்தொன்பது நாளாக நான் வானொலி போடவில்லை.

நான் யார் தெரியுமா. பருத்தித்துறை நீதிமன்றத்தில் ஐந்து வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவன். ஒரு தடவை ஒரு மீன்காரப் பெண் தன்னை அடித்தவனைப் பற்றிச் சொல்லும்போது வாயில் எடுக்கக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னாள், கோர்ட் முழுக்கச் சிரிப்பு, நான் முகம் மாறாமல் அந்தச் சொல்லையும் நீதவானுக்கு ஆங்கிலத்தில் கொடுத்தேன், நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, நன்றி, மிஸ்டர் அருளம்பலம் என்றார். அந்தக் கதையைக் கலியாணம் செய்த புதிதில் தவமலருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முகம் தெரியாத ஒரு மீன்காரிக்கு அவ்வளவு செய்தவன் சொந்த மனைவியின் வாய்க்குள் இருந்து வந்ததை வெட்டி எறிந்துவிட்டு ஒரே ஒரு சொல்லை வைத்தேன். பிறகு ஆறு மாதம் கழித்துத்தான் கணினியில் படித்தேன், முதுகுப் பக்கம் போகும் வலி, படுத்தால் கூடும், குனிந்தால் குறையும். கணையத்தில் வரும் புற்றுக்கு இதுதான் அடையாளம் என்று, ஏதோ அவள் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதியது மாதிரிப் போட்டிருந்தான். சட்டியும் கரண்டியும் மட்டும்தான் அதில் இல்லை.

பறவைத் தொப்பிக்கு எண்ணெய் விட்டாயிற்று. செட்டை இப்போது சத்தமில்லாமல் அடிக்கிறது, சத்தம் இருந்ததே நல்லது போல இருக்கிறது. ஹெலன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "சரியா இருக்கிறீர்களா?" "சரியா இருக்கிறேன், நன்றி." "வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் போகலாம், அருள்." "வேண்டாம். வீட்டில் தலைக்கவசம் இல்லை" என்றேன். அவள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். பாவம், நல்லவள். அவளுக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை, சுகமில்லாமல் இருந்தா, போய்விட்டா என்று மட்டும் சொன்னேன், எல்லாவற்றையும் சுருக்கி ஒரு சொல்லில் கொடுக்கிறது பழகிப் போய்விட்டது. ஆனி மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது, ஸ்கான் எடுக்க வரும்படி. என்னடி இது என்று கேட்டேன். "அறுபது தாண்டின பொம்பிளையளை எல்லாரையும் கூப்பிடுறாங்களாம்" என்றாள். நான் நம்பினேன். அதன் பிறகு முடிவு சொல்லுகிற நாள். அது வேறு டொக்டர், வயதானவர், என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே கதைத்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் அல்லவா மொழிபெயர்ப்பாளன். ஈரலுக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, மருந்தால் சில மாதம் கிடைக்கலாம் என்றார். மெதுவாக, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தவமலர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன், "உள்ளுக்கை ஒரு வீக்கம் இருக்காம். மருந்து இருக்குதாம். கொஞ்ச நாள் எடுக்குமாம்." அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "அப்ப சரி. வீட்டை போவம்" என்றாள். எழும்பி, டொக்டருக்குத் தலையை ஆட்டிவிட்டு, என் மேல்சட்டையின் கழுத்து உள்ளே மடிந்திருந்ததை வெளியே இழுத்துச் சரிசெய்தாள். அந்த இரண்டையும்தான் இன்றைக்கு நிரோஷனுக்குச் சொல்லப் போகிறேன். முதல் தடவை அவளுடைய சொல்லை டொக்டருக்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை டொக்டருடைய சொல்லை அவளுக்குக் கொடுக்கவில்லை. தான் சாகப் போகிறோம் என்று தெரியாமலே அவள் போனாள், தெரிந்திருந்தால் யாரையாவது பார்க்க வேண்டும் என்றிருப்பாள், எங்கேயாவது போக வேண்டும் என்றிருப்பாள், என்னிடம் ஏதாவது கேட்டிருப்பாள், அதற்கெல்லாம் நான் குறுக்கே நின்றேன். சொன்ன பிறகு அவன் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி.

வெண்கலக் கிண்ணத்தை எடுக்கும்போது போன் அதிர்ந்தது. மூன்று ஆக இன்னும் நாலு நிமிடம், முந்திவிட்டான். "அப்பா, முதல் நாள் வேலை எப்பிடி?" "பரவாயில்லை. தம்பி, கொஞ்சம் பொறு. நான் ஒண்டு சொல்ல வேணும். இடையில கதையாதை." "சொல்லுங்கோ." சொன்னேன். முதல் தடவை அறையையும் சொன்னேன், சட்டியையும் சொன்னேன், கரண்டியையும் சொன்னேன், வாய்வு என்று நான் சொன்னதையும் சொன்னேன். ஈரலைச் சொன்னேன், வீக்கம் என்று நான் மாற்றியதைச் சொன்னேன். குரல் உடையவில்லை, கோர்ட்டில் சொல்லுவது மாதிரியே வந்தது, அது எனக்கே அருவருப்பாக இருந்தது. முடித்ததும் அந்தப் பக்கம் யாரோ மைக்ரோவேவ் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "அப்பா" என்றான் கடைசியில். "எனக்குத் தெரியும்." "என்ன தெரியும்?" "எல்லாம் தெரியும். அம்மா சொன்னவா." "அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?" அவன் சொன்னான், "அப்பா, அம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்கும்." வெண்கலக் கிண்ணத்தைத் திரும்ப மேசையில் வைத்தேன். அவன் தொடர்ந்தான். "விளங்கும் எண்டு இல்லை, நல்லாக் கதைப்பா. எனக்கும் கன நாளாத் தெரியாது. அண்டைக்கு டொக்டரிட்டப் போட்டு வந்து எனக்குப் போன் எடுத்தவா. 'உன்ரை அப்பா வாய்வு எண்டு சொல்லிப் போட்டார்' எண்டு சிரிச்சவா. நான் கோவிச்சனான், ஏனம்மா நீங்கள் அதிலையே சொல்லேல்லை எண்டு." "என்ன சொன்னவா?" என்று கேட்டேன். "விடுங்கோ அப்பா." "சொல்லு. அப்பிடியே சொல்லு." "'அந்த மனுசன் ஒரு டொக்டருக்கு முன்னால கதைக்கேக்கை எவ்வளவு நிமிர்ந்து இருக்கும் தெரியுமே. இந்த நாட்டிலை வேற எங்கை அதுக்கு அப்பிடி இருக்கக் கிடைக்குது. நான் ஏன் அதைக் கெடுப்பான்.' இப்பிடித்தான் சொன்னவா." பிறகும் சொன்னான். வைகாசியில் வலி தாங்க முடியாமல் போனபோது தானே தனியாகப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னாளாம், ஸ்கானுக்கு எழுதியது அப்போதுதானாம். முடிவு சொன்ன அன்று எல்லாம் விளங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாளாம், அன்றிரவே நான் குளிக்கும் நேரத்தில் அவனுக்கு எடுத்து, ஈரலுக்குப் பரவிவிட்டதாம் என்று சொன்னாளாம். "அப்பாவுக்குச் சொல்லாதை, அவர் வீக்கம் எண்டு சொல்லியிருக்கிறார், அப்பிடியே இருக்கட்டும், அதைச் சொல்ல அவர் எவ்வளவு கஷ்டப்பட்டவர் எண்டு நான் பார்த்தனான்" என்றாளாம். "அப்பா? இருக்கிறியளோ?" "இருக்கிறன்." "நான் பின்னேரம் திரும்ப எடுக்கிறன். ஹெலனைக் கூப்பிட்டு இருங்கோ. தனிய இருக்காதைங்கோ." "ஓம்." "அப்பா, எனக்கு உங்களில கோவம் இல்லை." "ஓம் தம்பி. நேரம் போட்டுது. நீ போ."

முடிவு சொன்ன நாளில் இருந்து போகும்வரை, ஐந்து மாதம் முழுக்க அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீக்கம் வற்றுதாம் என்றேன், ஓம் என்றாள். அடுத்த சித்திரைக்கு நிரோஷனிடம் போவோம் என்றேன், ஓம் போவம், குளிருக்குச் சட்டை வாங்க வேணும் என்றாள். வாங்கினோம். கடையில் போட்டுப் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, இந்த நிறம் வேண்டாம் மற்றது என்று மாற்றி எடுத்தாள். போடப் போகாத சட்டைக்கு நிறம் மாற்றினாள், எனக்காக. தாதிமார் வந்து அவளிடம் ஏதாவது கேட்டால் நான் மொழிபெயர்க்கும்வரை பொறுத்திருந்து, பிறகு தமிழில் பதில் சொல்லி, நான் அதை ஆங்கிலத்தில் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது எட்டு என்றாள், நான் ஆறு என்றேன், அவளை ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். ஆறுக்குரிய மருந்தோடு எட்டைத் தாங்கினாள். எங்கே, எப்போது இந்த மொழி அவளுக்கு வந்தது. பதினான்கு வருடம் இலைக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றாள், அங்கே போலந்துப் பெண்களும் லித்துவேனியப் பெண்களும் எதில் கதைப்பார்கள், இதில்தான் கதைப்பார்கள். அல்லது பின்னேரத் தொலைக்காட்சியா. அல்லது மேலே நூலகத்தில் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு நடந்ததே, அதற்குப் போயிருப்பாளா, என் தலைக்கு மேலேயே, நான் கீழே நின்று ரோமாபுரி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில். அப்படியானால் ஏன் எனக்கு முன்னால் ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட வரவில்லை. அது எனக்குத் தெரியும். வந்து இரண்டாவது வருடம், ஒரு கடையில், காசு வாங்கும் பெண்ணிடம் அவளே ஏதோ கேட்டாள், பாணோ, பையோ, உச்சரிப்பு பிழை. நான் அந்தப் பெண்ணுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே திருத்தினேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். தவமலரும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்ததால் அது பகிடி என்று நினைத்தேன். முப்பது வருடம் ஒரு வீட்டில், ஒரு மேசையில், அவள் ஒரு முழு மொழியைத் தட்டுக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள்.

படியில் காலடி. பேச்சுச் சத்தம். ஹெலன் மேலே நூலகத்தில், கூப்பிட நேரமில்லை. என் முகம் முழுக்க ஈரம், மூக்கு ஒழுகுகிறது, துடைக்கக் கையில் இருப்பது எண்ணெய்த் துணி. ஆட்களுக்கு முன்னால் இப்படி நிற்க முடியாது, நிற்க மாட்டேன், அறுபத்தேழு வயதில் அது எனக்குத் தெரியாது. மேசையில் கைக்குப் பக்கத்தில் இருந்த ரோமன் தலைக்கவசத்தை எடுத்துத் தலையில் வைத்து, கன்னத் தகடுகளை இழுத்து, தாடைக்குக் கீழே வாரைக் கட்டினேன். உள்ளே எண்ணெய் மணம், என் மூச்சுச் சத்தம். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியே, மிச்சம் இரும்பு. ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அவர் மழைச்சட்டையோடு, அந்த அம்மா ஊன்றுகோலோடு. "ஆ, பாருங்கள், ஒரு சிப்பாய்" என்றார் அவர் சந்தோஷமாக. "உங்களோடு ஒரு படம் எடுக்கலாமா? பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப." எடுக்கலாம் என்று தலையை ஆட்டினேன், வாய் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் போனைத் தூக்கிப் பிடித்து, இன்னும் கிட்ட, இன்னும் கொஞ்சம் என்றார். அந்த அம்மா என் கைக்குள் தன் கையைக் கோத்தார். நிமிர்ந்து என் முகத்தில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். "ஜோர்ஜ், கொஞ்சம் பொறுங்கள்" என்றார். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் என் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கின கை, நேரம் எடுத்தது, அவசரப்படவில்லை. தலைக்கவசத்தைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"என் மனைவி செத்துப்போனா" என்றேன். போய்விட்டா என்று சொல்லவில்லை, செத்துப்போனா என்றேன், ஆங்கிலத்தில் முதல் தடவையாக. "முப்பத்தொன்பது நாள். கணையத்தில் புற்றுநோய். சரியான வலி." அந்த அம்மா தலையை ஆட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜோர்ஜ் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, தொப்பிகளைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அந்த அம்மா அந்த மூலைக் கதிரையில் என்னை இருத்தினார். பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவளைப் பற்றி, எனக்குத் தெரிந்தது ஏதாவது, கலியாணம் செய்து வாழ்ந்த நாற்பத்திரண்டு வருடத்தில் இருந்து ஏதாவது ஒன்று, தேடினேன், இப்போது தெரிந்துகொண்டது மட்டும்தான் வாயில் வந்தது. "அவளுக்கு நல்லா ஆங்கிலம் தெரியும்" என்றேன். எதற்காக இதைச் சொல்லுகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது, ஆனாலும் அது பெரிய விஷயம் போலக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியா, எங்கே படித்தா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "நான் கேட்டதில்லை."